பித்தப்பை போன பின்னும் போகாத வலி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



    

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட இந்த அவையில், இமாம் எழுந்து வயிற்று வலியைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிடம் நிகழ்ந்த ஒரு பிழையை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வயிற்றில் நான்கு சிறு துளைகள். இரண்டாம் நாள் வீடு திரும்பிவிட்டார். எட்டு மாதங்கள் கழித்து மீண்டும் வலி வந்தது. ஒரு நாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், பையையே எடுத்துவிட்டார்கள். இருந்தும் அதே இடத்தில் வலிக்கிறது. வீட்டில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஓதிப் பாருங்கள்" என்றார்.

ஓதினோம், துஆச் செய்தோம். "சப்ராக இருங்கள். மனப் பிரமையாகவும் இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். மருத்துவரிடம் மறுபடியும் செல்லுங்கள் என்னும் ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் விட்டோம். மூன்றாம் வாரம் கண்கள் மஞ்சளித்து, குளிர் நடுக்கத்துடன் கூடிய காய்ச்சலோடு, நள்ளிரவில் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். பித்தநாளத்தில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது. வாய் வழியே குழாய் செலுத்தி அதனை எடுத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். அவருடைய அனுமதியுடனேயே இதனைக் கூறுகிறோம்.

சப்ர் என்பது சிகிச்சையைக் கைவிடுவதன்று. உயர்ந்த ஒரு சொல்லை நாம் அன்று தவறான இடத்தில் வைத்துவிட்டோம். அதன் பின்னரே மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தோம். தெளிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பை போனாலும் பாதை இருக்கிறது

பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை அன்று; கல்லீரல். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை அது சுரக்கிறது. பித்தப்பையோ அதனைச் சேர்த்துவைக்கும் சிறு தொட்டி. ஏறத்தாழ 50 மில்லி கொள்ளும். பள்ளிவாசலின் ஹவுளை மூடிவிட்டாலும் கிணறும் குழாயும் இருக்கத்தானே செய்யும்? அவ்வாறே பையை எடுத்த பின்னும் கல்லீரல் சுரக்கிறது. நாளம் வழியே பித்தநீர் சிறுகுடலுக்குச் செல்கிறது. ஆகவே, பை இல்லாதவருக்குப் பித்த வழியில் நோயே வராது என்பது சரியன்று.

முதன்முதலில் பித்தப்பையை அறுவை செய்து அகற்றியவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் லாங்கன்பூக். ஆண்டு 1882. துளை வழி அறுவையை 1985 இல் முதலில் செய்தவரும் ஒரு ஜெர்மானியரே. எரிக் மூஹே என்பவர். இந்த அறுவையால் உயிர் பிழைத்தோரும் வலி நீங்கினோரும் ஏராளம். எனவே நம் பேச்சைக் கேட்டு எவரும் தேவையான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆயினும் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் பித்தப்பைக் கல்லும் வயிற்று வலியும் உடைய 1,067 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2019 இல் வெளியாயிற்று. அறுவைக்கு உரியோரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு முறைகளை அது ஒப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஓராண்டு கழித்து வலியே இல்லை என்றவர்கள் ஒரு பிரிவில் 56 விழுக்காடு, மற்றதில் 60 விழுக்காடு. எஞ்சியோரெல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஒருவருக்குக் கல்லும் இருக்கலாம், வலியும் இருக்கலாம். அந்த வலி அந்தக் கல்லால்தான் வந்தது என்பது எப்போதும் உறுதியன்று.

காரணங்கள் பல

நாளத்தில் கல் தங்கியிருக்கலாம், புதிதாகவும் உண்டாகலாம். ஆண்டுகள் கழிந்தும் வெளிப்படலாம். அறுவையின்போது நாளத்தில் காயம் பட்டுப் பின்னர் அது சுருங்கியிருக்கலாம். பித்தநீர் குடலுக்குள் திறக்கும் வாயிலில் உள்ள வளையத் தசை இறுகிக்கொள்ளலாம். சிலருக்குப் பித்தநீர் பெருங்குடல் வரை சென்று வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதற்கு மருந்து உண்டு. பித்தத்திற்குச் சம்பந்தமே இல்லாத இரைப்பைப் புண், கணைய அழற்சி, குடல் கோளாறு, துளையிட்ட இடத்தில் குடலிறக்கம் ஆகியனவும் காரணமாகலாம். மாரடைப்புகூட மேல்வயிற்று வலியாகத் தோன்றுவதுண்டு.

மற்றொரு நிகழ்ச்சியையும் கூற வேண்டும். நம் சகோதரி ஒருவருக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நன்றாகவே வந்தன. வலி மட்டும் நீங்கவில்லை. "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்று வீட்டிலேயே பேசினார்கள். இறுதியில் ஒரு மருத்துவர் அவரைப் படுக்கவைத்து, தலையைச் சற்றுத் தூக்கச் சொல்லி, தழும்பருகே ஒரு விரலால் அழுத்தினார். வலி கூடியது. வயிற்றுச் சுவரில் ஒரு நரம்பு சிக்கிக்கொண்டிருப்பதை அதனைக் கொண்டே கண்டுகொண்டு, அவ்விடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார். இரண்டாண்டு வலி பெரிதும் தணிந்தது. ஆனால் இரண்டாண்டு அவச்சொல்லுக்கு எந்த ஊசியும் இல்லையே!

செய்ய வேண்டியவை

அறுவை செய்துகொண்டவருக்குக் கண் மஞ்சளித்தல், குளிர்காய்ச்சல், சிறுநீர் கருத்தும் மலம் வெளுத்தும் போதல், ஓயாத வாந்தி, விடாத கடும் வலி ஆகியவற்றுள் எது கண்டாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இல்லையெனில் பழைய அறுவைத் தாள்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வலி எப்போது வருகிறது, எதை உண்டபின் வருகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். சில மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். கோடீன் கலந்தவை அந்த வளையத் தசையையே இறுக்கி வலியைக் கூட்டும்.

மறுபுறம், இன்னோர் அறுவை செய்தால் தீரும் என்று ஓடுவதும் தவறு. பரிசோதனைகளில் குறை தெரியாத 214 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2014 இல் வெளியாயிற்று. அந்தத் தசையை வெட்டிவிடப்பட்டவர்கள், வெட்டாமல் விடப்பட்டவர்களைவிட நலம் பெறவில்லை.

நோன்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பித்தப்பை இல்லாமையே நோன்பை விடுவதற்குக் காரணமாகாது. வலியால் வருந்துபவருக்கோ மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு, தேறியபின் களாச் செய்துகொள்ளலாம். நோன்பு திறந்தவுடன் சமோசாவையும் வடையையும் அடுக்கிக்கொள்ளாமல், கஞ்சியைச் சிறிது சிறிதாகக் குடிப்பது நலம். வலீமா விருந்தில் ஒருவர் போதும் என்றால், "நெய்ச்சோற்றுக்கு ஒன்றும் செய்யாது" என்று வற்புறுத்தாதீர்கள்.

நம் கடமை

நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனித்து வாழும் முதியோர் பலர் உள்ளனர். மருத்துவமனைக்குத் துணை செல்ல மஹல்லாவில் நான்கு இளைஞர்களை நியமியுங்கள். நோய் விசாரிக்கச் செல்லும் நாமும், "அறுவைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன வலி?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எங்கே வலிக்கிறது? மருத்துவரிடம் எப்போது போகலாம்? நானும் வருகிறேன்" என்று சொல்வோமாக.

அன்று காலையில் அந்தச் சகோதரருக்கு நாம் சொல்லத் தவறிய வார்த்தை அதுதான். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.