வாச்சாத்தி மக்களும் நமது முறைப்பாடும்



வாச்சாத்தி, தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் பொலிஸாரும் அங்கே புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே அரசாங்கம் சாதித்தது. அந்த மறுப்பை உடைத்ததில், அரசியலமைப்பின் கீழ் அமைந்த தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணைக்குழுவுக்குப் பெரும் பங்குண்டு. அதன் அதிகாரி ஊருக்கே போய் விசாரித்து அறிக்கை எழுதினார். 2011இல், உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. பத்தொன்பது வருடம்! 2023இல் சென்னை மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் 2004 முதல் பழங்குடியினருக்கென்றே தனி ஆணைக்குழு இருக்கிறது.

இங்கே தம்பானை ஆதிவாசிகளுக்கும் சரி, ஓப்பநாயக்க தோட்டங்களில் இருக்கும் நமக்கும் சரி, அப்படித் தனியாக ஒன்றில்லை. எல்லோருக்கும் பொதுவாக மனித உரிமைகள் ஆணைக்குழு உண்டு. சம்பளப் பிரச்சினை என்றால் தொழில் திணைக்களம்; பொலிஸோ அரச அலுவலகமோ உரிமையை மீறினால் இந்த ஆணைக்குழு. சட்டத்தரணி தேவையில்லை. உங்களுக்காகச் சங்கமும் முறைப்பாடு எழுதலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான், விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றம் போவதற்கான ஒரு மாதத் தவணையில் சேராது. திகதி, இடம், அதிகாரியின் பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். தொலைபேசி இலக்கம் 1996.