நண்பரின் புள்ளி



தமிழ் எழுத்துக்கள் 247. எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வுகூடம் திரட்டிய கையெழுத்துத் தொகுதியிலோ 156 குறிகளே உள. ‘கொ’வைக் கொம்பு, ககரம், அரவு எனப் பிரித்தால் போதுமன்றோ! அவ்வழியே மாத்தளையில் நாங்களும் பலரிடம் எழுதி வாங்கினோம். அவற்றைக் கணினிக்குப் பயிற்றியவர் எங்கள் குழு நண்பர். அவர் பெற்ற புள்ளி, நாங்கள் மீளச் செய்தபோது கிட்டவில்லை. எழுத்துக்களைக் கலைக்கும் தொடக்க எண்ணையும் ஒன்றாக்கினோம், அப்பொழுதுங் கிட்டவில்லை. பொய் சொன்னாரோவென ஐயுற்றோம். வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

பின்னர் அவரையே அருகிருத்திப் பார்த்தோம். நாங்கள் எழுதியவர்வாரியாகப் பிரித்திருந்தோம். அவரோ எல்லாவற்றையும் கலந்து பிரித்திருந்தார். ஆகவே ஒருவருடைய கையெழுத்தே பயிற்சியிலும் பரீட்சையிலும் இருந்தது. பழகிய கையை இனங்காண்பது எளிதல்லவா? நண்பர் பேனாவை வாங்கினார். தம் புள்ளியைத் தாமே வெட்டி, எங்களுடைய குறைந்த புள்ளியை எழுதினார்.