பேச்சுப் பரிசோதனைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகுமுன்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பாடசாலைக்குப் போகிற பிள்ளை பேசுவது வெளியாருக்கு விளங்கவில்லை, சொன்னதைப் புரிந்து செய்யவில்லை, அல்லது திக்குகிறது என்றால், பேச்சுப் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. "நாக்குத் தடிப்பு, வளர்ந்தால் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கப் பயந்து கடைசி வாங்கில் ஒதுங்கும். பிறகு பள்ளிக்கூடமே வேண்டாம் என்னும். ஒரு நாள் பேர் போனாலும் போய் வாருங்கள்.

அங்கே என்ன நடக்கும்? ஊசி இல்லை, மருந்து இல்லை. படம் காட்டிப் பேர் கேட்பார்கள். கதை சொல்லச் சொல்வார்கள். "இதை எடுத்து அங்கே வை" என்பார்கள். வாயையும் நாக்கையும் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். எனக்குச் சொந்த ஊர் கல்முனை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம். இங்கே காக்கா என்றால் மரத்தில் இருக்கிற பறவை! 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊரில் 'மறுகா'. "மறுகா என்ன நடந்தது?" என்று நான் கேட்டால் உங்கள் பிள்ளை முழிக்கும். அது பிள்ளையின் குறையா? இல்லையே! அதேபோல, உங்கள் பிள்ளை 'அப்பாயி' என்பதும், வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பதும் குறை இல்லை. வீட்டில் எல்லாரும் அப்படிப் பேசினால் அது ஊர்ப் பேச்சு. எல்லாரும் 'கொழுந்து' என்று சொல்ல, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மட்டும் 'தொழுந்து' என்றால், அதைத்தான் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால், நல்ல பிள்ளையைக் குறையுள்ளது என்றும், குறையுள்ளதை நல்லது என்றும் எழுதிவிட இடமுண்டு.

இந்தச் சிகிச்சையாளர்கள் படிப்பதற்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. ஆகவே, நாள் எடுக்கும்போதே "பிள்ளை தமிழ்தான் பேசும்" என்று சொல்லுங்கள். யாராவது மொழிபெயர்த்தால், பிள்ளை சொன்னதைத் திருத்தாமல் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். திருத்திச் சொன்னால் பிழை மறைந்துவிடும். வீட்டில் தமிழ், வெளியே சிங்களம் என்று இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறை வராது. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்தவும் வேண்டாம்.

போகுமுன் செய்ய வேண்டியவை:

1. காதை முதலில் பாருங்கள். சீழ் வடிகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா? கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்? காது கேட்கும் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

2. குழந்தையில் கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேடு, பழைய துண்டுகள், பாடசாலைக் கொப்பிகள், வகுப்பு ஆசிரியரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள்.

3. எப்போது முதல் சொல் வந்தது, எந்தச் சொல் வரவில்லை, யாருக்கு விளங்கவில்லை என்று எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

4. வீட்டில் விளையாடும்போது பேசுவதைப் போனில் பிடித்து வையுங்கள். புது இடத்தில் பிள்ளை ஊமையாக நிற்கலாம்.

5. பிள்ளையை வளர்ப்பது பாட்டி என்றால் பாட்டியும் போகட்டும்.

6. தடிமன், காய்ச்சல் என்றால் வேறு நாள் கேளுங்கள். நல்ல நாளில் வயிறு நிறையக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

சொற்களைப் பாடமாக்கிக் கொண்டுபோக வேண்டாம். அங்கே பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம். "ஒழுங்காகப் பேசாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்" என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள்.

திரும்பும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டில் நாங்கள் தினமும் என்ன செய்ய வேண்டும்? அடுத்த தவணை எப்போது? பதிலை ஆசிரியருக்கும் சொல்லுங்கள். ஒரு தடவை போய்விட்டு நிறுத்தினால் பயனில்லை.