ஒரு குழு, பல இசை



பட்டாளத்துப் பாண்டு வாத்தியம் என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? முரசு அடியளந்து கொடுக்க, எக்காளம் முழங்க, வீரர் அணிவகுத்துச் செல்லும் காட்சியே அன்றோ? நடைக்குத் தாளமிடுவதோடு அதன் பணி முடிந்தது என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது அயர்லாந்துப் படையின் இசைப்பள்ளி வரலாறு.

1922ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. ஆனால் அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போரும் மூண்டது. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டனர். மக்களில் ஒரு பகுதியார் புதிய படையை வெறுப்போடு நோக்கினர். துப்பாக்கியைத் தவிர வேறு எதனை ஏந்தி அப்படைவீரன் தன் மக்கள்முன் நிற்பது? படைத்தலைவர் ரிச்சர்டு முல்காஹி கண்ட விடைகளுள் ஒன்று இசை. போர் முடியுமுன்னரே, 1923 மார்ச்சு மாதத்தில், பெர்லினில் புகழ்பெற்றிருந்த ஃபிரிட்ஸ் பிராசே என்னும் இசையாசான் வரவழைக்கப்பட்டார். சாவெர்ட்ஸ்வைக் என்பவர் அவருக்குத் துணையாக வந்தார்.

அயர்லாந்தின் பாட்டை அயர்லாந்தினர்க்குப் பயிற்ற ஒரு ஜெர்மானியரா என்று கேட்கத் தோன்றும். பிராசே செய்தவற்றைப் பாருங்கள்.

முதலாவது, சுருதி. பிரிட்டிஷ் பட்டாளக் குழுக்கள் அக்காலத்தில் உயர்ந்த சுருதியில் வாசித்து வந்தன. அச்சுருதியில் அமைந்த கருவி, பிற இசையரங்குகளின் பியானோவோடும் பிடிலோடும் ஒத்திசையாது. பிராசே ஐரோப்பாவில் வழங்கிய தாழ்ந்த சுருதியையே மேற்கொண்டார். படைமுகாமுக்கும் இசையரங்குக்கும் இடையே இருந்த சுவர் இதனால் நீங்கிற்று.

இரண்டாவது, கருவிகளின் பங்கீடு. பாண்டுக் குழுவில் பிடில் இல்லை. அதன் வேலையைக் கிளாரினெட்டுகள் ஏற்கின்றன. செல்லோவின் ஆழ்ந்த குரலை யூஃபோனியம் தாங்குகிறது. அடித்தளத்து ஒலியைத் தூபா தருகிறது. இவ்வாறு மாற்றி எழுதினால் பேரிசைக் குழுவுக்கென அமைந்த இசையையும் வாசிக்கலாம். ஆனால் காதால் கேட்டு ஊதுபவனுக்கு இது கைகூடாது. இசைக்குறிப்பைப் பிழையின்றிப் படிக்க வல்லவனே வேண்டும். ஆகவே பிராசே நடத்தியது பள்ளி.

மூன்றாவது, அந்நாட்டு மெட்டுகளை அவர் தாமே மாணவராகிக் கற்றார். அவற்றைக் கொண்டு அணிநடை இசைகளும் அரங்கிசைகளும் அமைத்தார். நாட்டுப் பாடலின் நுண்ணிய அசைவுகள் பித்தளைக் கருவியில் முழுமையாக வாரா என்பது உண்மையே. ஆயினும் குடிசையில் ஒலித்த மெட்டு தலைநகர் அரங்கேறியதைக் கேட்ட மக்களுக்கு அது பெருமிதம் அளித்திருக்கும்.

1923 அக்டோபரில் டப்ளின் ராயல் அரங்கில் அக்குழு மக்கள்முன் வாசித்தது. போர் ஓய்ந்து ஐந்தே மாதங்கள் ஆகியிருந்தன. பின்னர் அணிவகுப்பு, இறுதி மரியாதை, பூங்கா, குதிரைக் காட்சி, வானொலி என எவ்விடத்தும் அதன் இசை பரவியது. நாட்டுப்பண்ணுக்கு 1929இல் இசைக்கோவை அமைத்தவரும் பிராசேயே. அப்பள்ளியில் பயின்ற மைக்கேல் பௌல்ஸ் வானொலியின் இசைத்துறைத் தலைவரானார். 1950இல் நியூசிலாந்து தேசியப் பேரிசைக் குழுவை நடத்தச் சென்றார். பிராசே 1940இல் டப்ளினிலேயே மறைந்தார். அவர் நட்ட பள்ளிக்கு 2023இல் நூற்றாண்டு நிறைந்தது.

பட்டாள இசை நமக்கும் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுஸ்வரங்கள் எனப்படும். அவற்றுள் மீனாட்சியைப் பாடும் ஒன்றன் மெட்டு, அயர்லாந்தின் மாலோ நகர்ப் பெயர் தாங்கிய ஆடல் மெட்டே.

இறுதியாக ஒன்று. நான் தலைமையாசிரியனாயிருந்தபோது, மாலைவேளையில் குழல் பழகிய ஒரு மாணவனை அழைத்து, "தேர்வு முடியும்வரை இதனைத் தொடாதே" என்றேன். அவன் கீழ்ப்படிந்தான். தேர்விலும் தேறினான். அதன்பின் குழலை எடுக்கவேயில்லை. வேற்றுநாட்டு ஆசான் மாணவரின் பாட்டைத் தாம் கற்ற வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அம்மாணவன் முகம் என்முன் வந்து நிற்கும். உங்களிடம் ஒரு குழல் இருப்பின், தேர்வின் பொருட்டும் அதனைக் கீழே வைத்துவிடாதீர்கள்.