கடிதம் வந்தது, வேலை வரவில்லை

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைப்போடு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சம்பளம், வீடு, வைத்தியம் ஆகியவை பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டது நம் பிள்ளைகளின் வேலையைப் பற்றி. மனுப் போட்டுத் தோற்றவர்களைப் பற்றி அல்ல, வென்றவர்களைப் பற்றி. அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட்டு, பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்வில் தேறி, "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள்" என்ற கடிதத்தையும் கையில் வாங்கிய பிறகு, "ஆள் எடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, காத்திருங்கள்" என்று சொல்லப்பட்டவர்களைப் பற்றி.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கு வழி தெரியும். மறுபடி எழுதலாம், வேறு வேலை தேடலாம். வென்ற பிள்ளைக்குத்தான் வழி தெரியாது. இன்று வரும், நாளை வரும் என்று தபாலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேறு நல்ல வேலை வந்தாலும் சேரப் பயம். சேர்ந்த மறுவாரம் அரசாங்கக் கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஜொகூரில் இருக்கும் நமக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் இருட்டோடு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஊரோடு இருக்கலாம், தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அரசாங்க வேலைக்கு மனுப் போடுகிறார்கள். தேர்வுக் கடிதத்தை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டு வந்தால், அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அந்த மாதங்களில் வீட்டுக்கு அரிசி வாங்குவது யார்? மரம் வெட்டும் தாய்தான். அரசாங்கம் மிச்சம் பிடிக்கிற பணம், அவள் கூலியிலிருந்துதான் போகிறது.

இதில் நியாயம் எது என்று கண்டுபிடிக்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். தோட்டத்துச் சட்டமே நமக்கு அளவுகோல். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு என்ன சொன்னது? நாள் கணக்கில் கூலி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். வேலை கொடுக்க முடியாவிட்டாலும், கொடுக்க மனமில்லாவிட்டாலும், வேலை செய்யத் தயாராக இருந்தவனுக்கு அந்த நாள் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இதன் பொருளைக் கவனியுங்கள். பெரட்டுக்கு வந்து நின்றவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால், அந்த நஷ்டம் நின்றவனுடையது அல்ல, கூப்பிட்டவனுடையது. ஒரு தோட்ட நிர்வாகத்துக்கே இந்தக் கடமை உண்டு என்று சட்டம் எழுதிய அரசாங்கம், தான் கூப்பிட்டு நிறுத்திய பிள்ளைகளுக்கு அதே நியாயத்தை மறுக்கலாமா?

ஆனால் சட்டத்தில் இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. நம் நாட்டு அரசியலமைப்பின் 135ஆவது பிரிவு, உத்தியோகத்தில் சேர்ந்தவரை விளக்கம் கேட்காமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. உள்ளே போனவருக்குக் காப்பு உண்டு. வாசலில் நிற்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. கடிதம் கிடைத்த நாளுக்கும் வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போடும் நாளுக்கும் நடுவே இருக்கிற அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. சின்ன உத்தியோகங்களோடு நின்ற கஷ்டமும் அல்ல. இந்நாட்டு டாக்டர்களுக்கே ஏறக்குறைய இது நடந்தது.

முன்பெல்லாம் மருத்துவம் படித்து முடித்தவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது. 2016 டிசம்பர் முதல் ஒப்பந்த முறை வந்தது. நிரந்தர இடங்கள் போதவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். படிப்பிலும் பயிற்சியிலும் தேறியவர்கள் ஒப்பந்தத்தில் வேலை செய்துகொண்டே நிரந்தரத்துக்குக் காத்திருந்தார்கள். 2021ஆம் ஆண்டு நடுவில் வெளிவந்த கணக்கைக் கேளுங்கள். அதுவரை ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட டாக்டர்கள் 23,077 பேர். நிரந்தரம் கிடைத்தவர்கள் 789 பேர். நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை! அது கொரோனா உச்சத்தில் இருந்த காலம். நாடு அவர்களை நம்பி உயிரோடு இருந்தது. அவர்களோ தங்கள் ஒப்பந்தம் எந்த மாதம் முடியும் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒரு மனு எழுதிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. ஒன்றாகக் கூடினார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமின்றி, 2021 ஜூலை 26ஆம் நாள் பகல் 11 மணிக்கு நாடெங்கும் ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். அதற்குச் சில நாள் முன்பே அரசாங்கம் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாக அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நிரந்தர இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒப்பந்த முறை அத்தோடு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை, ஒழியவில்லை. ஆனால் தனித்தனியாக நின்றபோது அசையாத கதவு, சேர்ந்து நின்றபோது அசைந்தது.

"கஜானாவில் பணம் இல்லை, அரசாங்கம் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே 1981 ஜனவரி 20ஆம் நாள் பதவி ஏற்ற ஜனாதிபதி ரீகன், அன்றே ஆள் எடுப்பதை நிறுத்தினார். அந்த உத்தரவு 1980 நவம்பர் 5ஆம் தேதி வரை பின்னோக்கிப் பாய்ந்தது. வேலைக்கு வரும்படி கடிதம் பெற்று, இருந்த வேலையை விட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அங்குள்ள ஊழியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு, 1982இல், அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் இப்படிப்பட்ட நிறுத்தங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ஆள் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, வேலைகள் கெட்டன, சில இடங்களில் செலவு கூடியது என்பது அதன் முடிவு. பால் வெட்ட ஆள் எடுக்காமல் நிறுத்தினால் மரம் பால் சுரக்காமல் இருக்குமா? வேலை அங்கேயே இருக்கிறது. செய்ய ஆள் மட்டும் இல்லை.

தாய்த் தமிழகத்தைப் பாருங்கள். 2001 நவம்பரில் அங்கே அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கத் தடை போட்டார்கள். 2006 பிப்ரவரியில்தான் அது நீங்கியது. நாலு வருஷத்துக்கு மேல்! அதற்குள் எத்தனையோ இளைஞர்கள் வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு நல்ல காரியமும் நடந்தது. தடை நீங்கிய பிறகு, 2006இல், தடைக்காலத்தை ஈடுகட்ட 5 ஆண்டு வயதுச் சலுகை கொடுத்தார்கள். மனம் இருந்தால், பறித்த வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க ஓர் அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

இந்திய உச்ச நீதிமன்றமும் 1991இல் சங்கர்சன் தாஸ் வழக்கில் இது பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே வேலை உரிமையாகிவிடாது. ஆனால் தக்க காரணம் இல்லாமல், தன் இஷ்டம்போல் அரசாங்கம் வேலையை மறுக்கவும் கூடாது என்பது அதன் சாரம். அது வேறு நாட்டுத் தீர்ப்பு. நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் "காரணம் என்ன?" என்று கேட்பது பிச்சை அல்ல, நியாயம் என்று அது காட்டுகிறது.

ஆகவே தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: நிறுத்தம் என்றால் புதிய விளம்பரங்களுக்கு இருக்கட்டும். கடிதம் வாங்கியவர்களை அது தொடக் கூடாது.

இரண்டு: நிறுத்தி வைத்தால் காரணத்தையும், எதுவரை என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். "மறு அறிவிப்பு வரும்வரை" என்பது பதில் அல்ல.

மூன்று: தேறியவர்களின் பட்டியல் காலாவதியாகக் கூடாது. தடை நீங்கியதும் அதே வரிசைப்படி கூப்பிட வேண்டும். புதிதாகப் பரீட்சை எழுதச் சொல்லக் கூடாது.

நான்கு: காத்திருந்த காலத்தை வயதுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கேட்பது சங்கத்தின் வேலை. உங்கள் வேலையும் கொஞ்சம் இருக்கிறது. பெற்றோர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் வேறு. தேறிவிட்டதாகச் சொல்லும் கடிதம் வேறு. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தச் சம்பளத்தில் சேர வேண்டும் என்று சொல்லும் நியமனக் கடிதம் வேறு. மூன்றாவது கடிதம் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையைப் பிள்ளை விட வேண்டாம். "எனக்கு ஆள் தெரியும், பணம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று வருகிற தரகனை வாசற்படி ஏற விடாதீர்கள். நின்றுபோன வேலையை எந்தத் தரகனாலும் ஓட வைக்க முடியாது. உங்கள் வெள்ளிதான் ஓடிவிடும்.

கிராணி நண்பர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசாங்கக் கடிதத்தின் நடை உங்களுக்குப் பழக்கம். தோட்டத்தில் இப்படிப்பட்ட கடிதம் யார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, தேதி, பதவி, வந்த பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கிளையில் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நாலைந்து பேரின் புலம்பலை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மாநிலம் முழுவதும் திரட்டிய கணக்கை மேசைமேல் வைத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டர்களுக்குத் துணை நின்றதும் அந்த 23,077, 789 என்ற கணக்குதான்.

காத்திருக்கும் இளைஞர்களே! வேலை வராதது உங்கள் ராசியால் அல்ல. திறமைக் குறைவாலும் அல்ல. உங்கள் திறமைக்குச் சாட்சி உங்கள் கையிலேயே கடிதமாக இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் மடித்து வைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்காதீர்கள். கிளைக்கு எடுத்து வாருங்கள்.

மரம் வெட்டுகிறவனுக்கு 24 நாள் வேலை உரிமை என்று சட்டம் எழுதப்பட முடிந்தது. அவன் பிள்ளைக்கும், கூப்பிட்டால் வேலை என்ற உரிமை எழுதப்பட வேண்டும். அதுவரை இந்தக் கோரிக்கையை நாம் விடப் போவதில்லை. நோட்டுப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பெயர் கொடுங்கள்.