விறகும் வேள்வியும்

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாகசாலையில் தீ வளர்ந்தோங்குகிறது. வேத மந்திரங்களும் திருமுறைப் பாடல்களும் ஒலிக்கின்றன. கூடியிருப்போர் யாவருடைய கண்களும் எழுந்தாடும் சுடரின்மேல் நிலைத்திருக்கின்றன. நெய் அளித்தவர் பெயரை அறிவிக்கிறார்கள். பட்டு அளித்தவர் பெயரை அறிவிக்கிறார்கள். கலசத்துக்குப் பொன் ஈந்தவர் பெயர் கல்லில் ஏறப்போகிறது. ஆனால் அந்தச் சுடருக்கு உடலாய் இருந்து தன்னைக் கொடுத்துக் கரியாகிப்போகும் விறகை யார் பொறுக்கினார், எந்தக் காட்டிலிருந்து சுமந்து வந்தார் என்று கேட்பார் எவருமிலர். முன்னோர் இவ்வளவு மறதி உடையவராய் இருந்ததில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், திருவமுதுக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய் இவ்வளவு என்று எழுதி வருமிடத்தில், விறகுக்கும் நெல் இவ்வளவு என்று நாழிக் கணக்கில் பொறித்து வைத்தார்கள். அடுப்பு எரிந்தால்தான் அமுது ஆகும் என்பதை மன்னரும் மறக்கவில்லை, கல்தச்சரும் மறக்கவில்லை.

மன்னர் மறவாதது இருக்கட்டும். விறகைத் தன் திருமுடிமேல் சுமந்தவனே மதுரைச் சொக்கநாதன் அல்லவா? பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் 64 திருவிளையாடல்களுள் 41ஆவதாக அமைந்தது விறகு விற்ற படலம். வரகுண பாண்டியன் அவைக்கு வடபுலத்திலிருந்து ஏமநாதன் என்னும் யாழ்வல்லோன் வந்தான். அவனுடைய மாணாக்கர்கள் வீதிதோறும் பாடித் திரிந்தார்கள். அவர்கள் இசையிலேயே மதுரை மயங்கியது. மறுநாள் அவனோடு இசைவாது செய்யவேண்டும் என்று அரசன் பாணபத்திரருக்கு ஆணையிட்டான். பாணபத்திரரோ ஆலவாய்ப் பெருமான் திருமுன் சென்று விழுந்து அழுதார். வேறு செய்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

அப்போது பெருமான் எடுத்த வேடம் கவனிக்கத்தக்கது. வாதில் வெல்ல வேண்டுமானால் பெரும் புலவனாய் வந்திருக்கலாம். மற்றொரு யாழ்வேந்தனாய்ப் பல்லக்கில் வந்திருக்கலாம். அவ்வாறு வரவில்லை. கந்தை உடுத்து, முதுமை தோன்ற, பழைய யாழொன்றை உடன்கொண்டு, தலையில் விறகுச் சுமையோடு வந்தான். பகலெல்லாம் மதுரை வீதிகளில் விறகு விற்பான்போல் அலைந்தான். அந்தி சாயும் வேளையில் ஏமநாதன் தங்கிய மாளிகையின் புறத்திண்ணையில் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறினான். இளைப்பாறியவன் யாழை எடுத்துப் பாடினான். சாதாரிப் பண் எழுந்தது. அசைவனவும் நிற்பனவும் ஓவியம்போல் அடங்கின. உள்ளிருந்த ஏமநாதன் ஓடிவந்து, நீ யார் என்றான். பாணபத்திரரிடம் இசை பயிலச் சென்றவன் என்றும், முதுமையுற்றவன் இதற்கு ஆகான் என்று அவர் தள்ளிவிட்டமையால் விறகு விற்றுப் பிழைப்பவன் என்றும் விடை வந்தது. தள்ளுண்டவன் பாட்டே இதுவாயின் ஆசிரியன் பாட்டு எத்தகையதோ என்று நடுங்கி, அன்றிரவே ஏமநாதன் ஊரைவிட்டு ஓடினான். இன்றும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் விறகு விற்ற லீலை நிகழ்கின்றது.

இக்கதையைச் சொல்வோர் இசையைப் பற்றியே விரித்துரைத்துச் சுமையை விட்டுவிடுவது வழக்கம். சுமையை ஒருமுறை தலையில் ஏற்றிப் பார்த்தவர்க்கு அது மறக்காது. விடியுமுன் எழுந்து, கையில் அரிவாளும் இடுப்பில் கயிறுமாய்ப் புறப்பட்டு, முள்ளிலும் கல்லிலும் நடந்து, காய்ந்து விழுந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாய்க் குனிந்து பொறுக்கி, கட்டி, சும்மாடு வைத்துத் தூக்கி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பும் தாய்மார் இந்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். காசு கொடாமல் கிடைப்பது என்று பிறர் சொல்லும் விறகு அது. கழுத்தும் முழங்காலும் கொடுக்கும் விலை எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

பொறுக்கும் உரிமையும் எப்போதும் எளிதாய் இருந்ததில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் வந்தபின், ஒதுக்கப்பட்ட காடுகளில் இசைவின்றி விறகெடுப்பது குற்றமாயிற்று. பாட்டன் காலந்தொட்டு நடந்த பாதையில் பேரன் அஞ்சி நடக்கவேண்டியதாயிற்று. 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், காடு சார்ந்து வாழும் மக்களுக்குச் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. புதர்ச்சுள்ளியும் அடிக்கட்டையும் அப்பொருள்களுள் அடங்கும். சட்டத்துக்கும் முந்திய கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. ஐயனார் கோயிற்காடுகள் பலவற்றில் விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்லார். பொங்கலிடுவதானால் அவ்விடத்திலேயே எரித்து, சாம்பலையும் அங்கேயே விடுவார்கள். காவலாள் இல்லாமலே காக்கப்பட்ட காடுகள் அவை.

சங்கப் புலவர் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடுமிடத்தில் (புறநானூறு 108) ஓர் அழகிய காட்சியைக் காட்டுகிறார். குறத்தி அடுப்பில் மாட்டிய கொள்ளி சந்தனக் கட்டை; அதன் மணப்புகை அயலிலுள்ள சாரலில் வேங்கை மரங்களின் பூத்த கிளைகளிடையே பரவுகிறது. அவள் செல்வச் செருக்கினால் சந்தனத்தை எரித்தாளில்லை. மலையில் கைக்கு எட்டியது அதுவே. உலர்ந்தது, எரியக்கூடியது, ஆகவே எரித்தாள். இன்று ஒரு துண்டு சந்தனத்தை அரைத்து இறைவனுக்குச் சாத்துவோர் அக்குறத்தியின் அடுப்பை எண்ணிப் பார்த்தால் வியப்பே எய்துவர்.

இனி, எதை எரிப்பது, எதை எரிக்கலாகாது என்னும் செய்தி. மடைப்பள்ளித் திருப்பணிக்கு விறகு அளிக்கும் அன்பர்களும், வீட்டில் விறகடுப்பு வைத்திருப்போரும் இதனைச் சற்றுப் பொறுமையோடு கேட்கவேண்டும்.

முதற் பகை ஈரம். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகவே இருப்பதுண்டு. அதை அடுப்பில் வைத்தால் தீயின் வலிமை சோற்றுக்குப் போவதில்லை. நீரை ஆவியாக்குவதிலேயே கழிகிறது. எரியாது புகையும், பானை கரியும், ஊதுகிறவர் கண் சிவக்கும். நன்கு உலர்ந்த விறகில் நூற்றுக்கு இருபது பங்குக்கும் குறைவாகவே ஈரம் இருக்கும். பருத்த கட்டையாயின் பிளந்து, மழை படாமலும் காற்றுப் புகும்படியும் அடுக்கி, ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை விடவேண்டும். உலர்ந்ததா என அறியக் கருவி வேண்டாம். முனையில் வெடிப்புகள் ஓடியிருக்கும்; பட்டை தானே கழலும்; எடை குறைந்திருக்கும்; இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமாய் ஒலிக்காமல் கணீரென்று ஒலிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் சேர்த்து ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குள் அடுக்கிய பாட்டிமார் எந்த நூலையும் படித்தவரல்லர்.

அடுத்தது மரத்தின் சாதி. கருவேலும் புளியும் வயிரம் பாய்ந்தவை. நின்று எரிந்து கனலைத் தாங்கும். அண்டாவில் பொங்கல் வைக்க ஏற்றவை. சவுக்கு அடுப்புக்கென்றே பிறந்த மரம் போன்றது. 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டி எஞ்சின்களுக்கு விறகு வேண்டியே கீழைக் கடற்கரை மணலில் அதைப் பயிராக்கினார்கள். முருங்கையும் இலவும் கலியாண முருங்கையும் பஞ்சுபோல் பற்றிப் பஞ்சுபோல் அவியும். தலைச்சுமையாய்க் கொண்டுவந்தாலும் ஒரு பானைச் சோறு வேகாது. தென்னம்பாளையும் பனைமட்டையும் கொட்டாங்கச்சியும் தீ மூட்டுவதற்கு நல்லவை. அவற்றை மட்டும் நம்பி விருந்து சமைக்க முற்படுவோர் அடுப்பை விட்டு எழமுடியாது. மூட்டுவதற்குச் சுள்ளி, நிலைப்பதற்கு வயிரக் கட்டை என்று இரண்டும் வேண்டும்.

சீமைக் கருவேலைப் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயல்நாட்டிலிருந்து வந்த இம்முள்மரம் வேறெதுவும் எளிதில் வளராத நிலத்திலும் வளர்ந்து, ஏழை வீட்டு அடுப்பை எரித்தது. இராமநாதபுரத்துக் கரிமூட்டங்களுக்கு வாழ்வளித்தது. கண்மாய்களையும் வயல்களையும் பற்றிக்கொண்டு பெருந்தொல்லை ஆனதும் அதுவே. முள்மரத்தைச் சிறிதாயிருக்கும்போதே களைக, முதிர்ந்தால் வெட்டுவார் கையை வருத்தும் என்னும் கருத்தை வள்ளுவர் உவமையாகச் சொல்லிவைத்தார். இங்கே அது உவமையாகவே நிற்கவில்லை. விறகு வேண்டுவோர் நல்ல மரத்தில் அரிவாளை வைக்காமல் இம்மரத்தில் வைப்பார்களாயின் நீர்நிலையும் பிழைக்கும், அடுப்பும் எரியும்.

எரிக்கலாகாதவற்றைத் திட்டமாய் அறிந்திருக்கவேண்டும். அரளி நஞ்சு, அதன் குச்சியை அடுப்பில் இடுவதும் கூடாது, கிண்டுகோலாய்ப் பயன்படுத்துவதும் கூடாது. எட்டியும் அத்தகையது. தில்லைத் தலத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் வணங்குதற்குரியது, விறகுக்கு உரியதன்று. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு, புகையும் ஆகாது. இவற்றினும் இந்நாளில் மிகுந்த தீங்கு விளைப்பது, இடித்த வீட்டிலிருந்து இலவசமாய்க் கிடைக்கிறதென்று கொண்டுவரும் சாயம் பூசிய கதவும், பசையிட்டு ஒட்டிய பிளைவுட் பலகையும். அவற்றின் புகை நஞ்சு. அதில் வெந்த உணவை இறைவனுக்கு நிவேதிப்பது எவ்வகையில் பொருந்தும்? ஓமகுண்டத்தில் அதைச் செருகுவது இன்னும் பெரும்பிழை. விலையின்றி வருவது என்னும் ஒரே காரணத்தால் கோயிலுக்குத் தள்ளிவிடுவதைக் கொடை என்று சொல்லமுடியாது.

புகையைச் சிறிதென எண்ணலாகாது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. 2016 முதல் உஜ்வலா திட்டத்தின் வாயிலாக எளியோர் வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு சென்றது பெரும் நன்மை. எனினும் உருளை தீர்ந்து, மறு உருளைக்குப் பணம் சேரும் வரையில் பல வீடுகளில் மீண்டும் சுள்ளிதான். அத்தகைய வீட்டில் உலர்ந்த விறகும், கூரையில் புகைபோக்கியும், திறந்த சாளரமும் ஒரு தாயின் மார்பைக் காப்பவை.

வேள்வித் தீயில் தேர்வு இன்னும் நுட்பமானது. ஞாயிற்றுக்கு எருக்கு, திங்களுக்குப் புரசு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, வியாழனுக்கு அரசு, வெள்ளிக்கு அத்தி, சனிக்கு வன்னி, இராகுவுக்கு அறுகு, கேதுவுக்குத் தருப்பை என்று ஒன்பான் கோள்களுக்கும் சமித்து வகுத்தனர். இவற்றுள் வயிர மரமும் உண்டு, வேலியோரச் செடியும் உண்டு, காலில் மிதிபடும் புல்லும் உண்டு. அடுப்பு விறகைப் பிளக்கவேண்டும். சமித்தோ பிளவாததாய், பட்டை உரியாததாய், புழு அரிக்காததாய், ஒரு சாண் அளவினதாய் இருத்தல்வேண்டும். கடையில் கட்டாக விற்பதை அவிழ்த்துப் பாராமல் வாங்கினால் எருக்குக் கட்டில் ஏதோ ஒரு குச்சி இருக்கக் காணலாம். அத்தி எது, அரசு எது என்று அறிந்து ஒடித்துத் தரும் முதியவர் ஊரில் ஒருவரேனும் இருப்பாராயின் அவரை அழைத்து இளைஞர்க்குக் காட்டச் சொல்வது திருப்பணிகளுள் ஒன்றாகும். அவர் மரத்தைத் தொட்டு வணங்கி, வேண்டிய அளவே ஒடிப்பார்.

அத்தீயும் வெளியிலிருந்து வருவதன்று. வன்னியில் பற்றி வளர்ந்த அரச மரத்தால் அரணிக்கட்டை செய்து, கீழரணியில் மேலரணியை நட்டுக் கயிற்றால் கடைந்து தீயெடுப்பது தொன்று தொட்ட மரபு. கட்டையைத் தொட்டால் குளிர்ச்சி, கடைந்தால் கனல். மரத்துள் தீயும் பாலுள் நெய்யும் மறைந்திருப்பதுபோல் இறைவன் மறைந்திருக்கிறான் என்று அப்பர் பெருமான் அருளியது இக்காட்சியை நேரிற் கண்டவர்க்கு நன்கு விளங்கும்.

இவ்வளவு தேர்வும் தேர்ந்தெடுக்க வழியுள்ளோர்க்கே. வழியற்றவர் ஒருவரைச் சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். வெள்ளாற்றங்கரை இருக்குவேளூரில் செல்வராய்ப் பிறந்தவர் கணம்புல்லர். கோயிலில் விளக்கெரிப்பதே அவர் தொண்டு. செல்வம் தேய்ந்தது. தில்லைக்குச் சென்று, திருப்புலீச்சரத்தில் தம் வீட்டுப் பொருள்களை விற்று விளக்கிட்டார், அவையும் தீர்ந்தன. பிறரிடம் இரக்க மனமில்லை. காட்டில் விலையின்றி வளர்ந்த கணம்புல்லை அரிந்து, சுமந்து, விற்று, நெய் வாங்கினார். ஒருநாள் எங்குத் திரிந்தும் புல் விலைபோகவில்லை. பொழுது சாய்ந்தது. புல் விளக்கெரிக்க ஏற்றதா என்று அவர் ஆராய்ந்து நிற்கவில்லை. விற்காத அப்புல்லையே திருவிளக்காய் எரித்தார். புல் எவ்வளவு நேரம் எரியும்? வழக்கமாய் விளக்கெரியும் யாமம் முடியுமுன் அது தீர்ந்தது. கையில் வேறொன்றும் இல்லை. கணம்புல்லர் தலைதாழ்த்தித் தம் கூந்தலை விளக்கில் மடுத்தார்.