கரண்ட் போனா என்ன ஆகும்?

(பழைய மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் "வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி" என்று பேசச் சொன்னார். "அதைப் பேச வெற்றி பெற்ற ஆளைக் கூப்பிடுங்க. எனக்குத் தெரிஞ்சது கம்பிவடமும் கப்பியும்தான்" என்றேன். "சரி, அதையே பேசுங்க, இருபது நிமிஷம்தான்" என்றார். எனவே, அந்தரத்தில் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு போகும் ஒரு வாகனத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

என் வகுப்புத் தோழர்களுக்கு நம் மெஷின் ஷாப் ஆசிரியர் ஒருவரை நினைவிருக்கும். வைவா என்று போய் நின்றால், நாம் என்ன வரைந்து கொண்டு போயிருந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கே. கரண்ட் போனா என்ன ஆகும்?" அவருக்கு நாங்கள் வைத்த பெயரே "கரண்ட் போனா சார்". கேலி செய்தோம். அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிய சில ஆண்டுகள் ஆயின. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் போயிருந்தபோது, பேரனை முன்னிட்டு எங்களை ஃப்ளோரிடா மாநிலத்தில் ஓர்லாண்டோ அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போனாள். அது ஒரு பூங்கா அல்ல. நான்கு பெரிய பூங்காக்களும் பல ஹோட்டல்களும் ஏரிகளும் சாலைகளும் கொண்ட ஒரு தனி ஊர். பேரன் மிக்கி மவுஸைப் பார்த்தான். நான் மேலே ஓடிய கம்பிவடத்தைப் பார்த்தேன். "அப்பா, இங்கேயும் வந்து மெஷினா?" என்றாள் மகள்.

அதன் பெயர் ஸ்கைலைனர். 2019 செப்டம்பர் 29 அன்று திறக்கப்பட்டது. ஆஸ்திரியாவின் டாப்பல்மாயர் நிறுவனம் அமைத்தது. எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற இரண்டு பூங்காக்களையும் நான்கு ஹோட்டல்களையும் இணைக்கிறது. ஏறத்தாழ 300 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 10 பேர் வரை ஏறலாம். மூன்று தடங்களும் கரீபியன் பீச் என்ற ஹோட்டல் அருகிலுள்ள நிலையத்தில் கூடுகின்றன. பாப் செஞ்சுரி ஹோட்டலில் தங்கியிருப்பவர் எப்காட் போக வேண்டுமானால் அங்கே இறங்கி மாறி ஏற வேண்டும். கட்டணம் கிடையாது.

அந்தரப் பெட்டி டிஸ்னிக்குப் புதிதல்ல. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1956 முதல் 1994 வரையிலும், ஃப்ளோரிடாவில் 1971 முதல் 1999 வரையிலும் ஸ்கைவே என்ற பெயரில் ஒன்று ஓடியது. ஆனால் அது பூங்காவுக்குள்ளேயே வேடிக்கை பார்க்கும் சவாரி. நின்றுபோனால் ஒரு சவாரி நஷ்டம், அவ்வளவே. ஸ்கைலைனர் அப்படியல்ல. ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் காலையில் போகவும் இரவில் திரும்பவும் நம்பியிருக்கும் போக்குவரத்து. நான் சொல்ல வந்ததே இந்த வித்தியாசத்தைத்தான்.

மாணவர்களுக்காக அமைப்பை இரண்டே வரியில் சொல்கிறேன். முனையில்லாமல் இணைத்த ஒரே எஃகு வடம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டியின் தலையில் ஒரு கிடுக்கி உண்டு. நிலையத்துக்குள் நுழைந்ததும் கிடுக்கி வடத்தை விட்டுவிடும். பெட்டி வரிசையாக உருளும் டயர்களின் மேல் ஊர்ந்து போகும். நாம் ஏறி உட்கார்ந்ததும் டயர்கள் வேகம் கூட்டி, மறுபடி வடத்தைப் பிடிக்க வைக்கும். வெளியே வேகம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு, பெட்டி முழுதாக நின்று ஏற்றிக்கொள்ளும் தனிப்பாதை இருக்கிறது. அதைப் பார்த்து மனசு நிறைந்தது.

இதன் பலம் என்ன? ஒரு கணக்குப் போடுங்கள். பத்து வினாடிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு 10 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 3,600 பேர். 60 பேர் ஏறும் பஸ்ஸானால், நிமிஷத்துக்கு ஒரு பஸ் வீதம் விட வேண்டும். சிக்னல் இல்லை, டிரைவர் இல்லை, புகை இல்லை. பஸ் எப்போ வரும் என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை.

பெட்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து ஏரிக்கு மேலே போனது. பேரன் கைதட்டினான். என் மனைவி ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, இது நடுவிலே நின்னுபோச்சுன்னா என்ன செய்வாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எந்தக் கல்லூரியிலும் மெஷின் டிசைன் படித்தவள் அல்ல. எங்கள் மெஷின் ஷாப் ஆசிரியரின் கேள்வி, அத்தனை ஆண்டுகள் கழித்து, அந்தரத்தில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

அவள் பயந்தது கற்பனையும் அல்ல. திறந்து ஒரு வாரம் ஆவதற்குள், 2019 அக்டோபர் 5 இரவு, எப்காட் தடத்தில் ரிவியரா நிலையத்தில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்தன. தடம் முழுதும் நின்றது. சிலர் மூன்று மணி நேரத்துக்கும் மேல் அந்தரத்தில் இருந்தார்கள். தீயணைப்புப் படையினர் தூக்கி வண்டிகளைக் கொண்டு வந்து சிலரை இறக்கினார்கள். அக்டோபர் 14 அன்றுதான் சேவை மீண்டும் தொடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பஸ் பழுதானால் ஒரு பஸ்தான் நிற்கும், அடுத்த பஸ் ஒதுங்கிப் போய்விடும். வடம் நின்றால் அதில் தொங்கும் எல்லாப் பெட்டிகளும் நிற்கும். பழுதான பெட்டி ஒன்றுதான், ஆனால் மாட்டிக்கொள்பவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

நின்றபின் என்ன ஆகும்? முதலாவது, வெப்பம். இந்தப் பெட்டிகளில் ஏ.சி. கிடையாது. தொங்கும் பெட்டிக்கு என்ஜின் இல்லை. பாட்டரி வைத்தால் எடை, அந்த எடை முழுதும் வடத்துக்குச் சுமை. ஆகையால் காற்றுப் புகும் திறப்புகளை வைத்திருக்கிறார்கள். ஓடும்போது காற்று நன்றாகவே வருகிறது, நானே அனுபவித்தேன். ஆனால் அந்தக் காற்றைத் தருவது ஓட்டம்தானே! சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடும். பத்துப் பேர் என்றால் ஒரு கிலோவாட். கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுக் கதவைச் சாத்தின கதைதான். அதற்கு மேல் ஃப்ளோரிடா வெயில். பத்து நிமிஷம் தாங்கலாம். மூன்று மணி நேரம், ஒரு கைக்குழந்தைக்கு?

இரண்டாவது, இடி மின்னல். அமெரிக்காவிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று நடு ஃப்ளோரிடா. கோடை மாதங்களில் பிற்பகல் ஆனால் இடிமழை. மின்னல் நெருங்கினால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் சுவிட்சை அணைத்து நிறுத்த முடியாது. முதலில் ஆட்களை ஏற்றுவதை நிறுத்தி, ஏறியவர்களை எல்லாம் கரை சேர்க்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தடம், வினாடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் 400 வினாடி, ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் மழை வரும் முன்பே, வெயில் அடிக்கும்போதே, கதவைச் சாத்துவார்கள். "வெயில் காயுது, எதுக்குய்யா நிறுத்தினே?" என்று வரிசையில் நிற்பவர் சத்தம் போடுவார். அந்த ஏச்சை வாங்கிக்கொள்ளும் ஆப்பரேட்டர்தான் நல்ல ஆப்பரேட்டர்.

மூன்றாவது, கழிப்பறை. சிரிக்காதீர்கள். என் வயதுக்காரர்கள் சிரிக்கவில்லை பாருங்கள். சர்க்கரை உள்ளவருக்கும் சின்னக் குழந்தைக்கும் ஒரு மணி நேரம் என்பது பெரிய விஷயம்.

நான்காவது, கீழே உள்ள கூட்டம். பூங்கா மூடும் நேரத்தில் தடம் நின்றால், தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். அப்போது பஸ் வேண்டும். ரோப்வே வந்துவிட்டது என்று பஸ்ஸை முழுவதும் கைவிட்டால், அன்றைக்குக் கூப்பிட டிரைவர் எங்கே இருப்பார்? மாற்று பஸ்ஸுக்கு ஆகும் செலவும் ரோப்வேயின் விலையில் சேர்ந்ததுதான்.

இப்போது அந்தப் பழைய கதை.

1979. எனக்கு வேலை கிடைத்து மூன்றாம் ஆண்டு. ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் கொண்டுவரும் ரோப்வே. பக்கெட் தொங்கும், கல் வரும், அவ்வளவுதான். மோட்டார் நின்றால் வடத்தை மெதுவாகச் சுற்ற ஒரு சிறிய டீசல் என்ஜின் முதல் வரைபடத்தில் இருந்தது. செலவைக் குறைக்கச் சொன்னார்கள். "கல்தானே சார், நின்னா நிக்கட்டும்" என்று அதை அடித்தது நான். கையெழுத்தும் என்னுடையது.

பக்கெட்டில் ஆள் ஏறக்கூடாது என்று பலகை இருந்தது. ஆனால் கோபுரத்து உருளைகளுக்கு எண்ணெய் போடும் தொழிலாளி மலையை ஏறி இறங்கி நடக்க முடியாமல் பக்கெட்டில்தான் போவார். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சித்திரை மாத நண்பகலில் கரண்ட் போனது. பள்ளத்துக்கு மேலே பக்கெட் நின்றது. உள்ளே அந்த மனிதர்.

இரண்டு மணி நேரம். இரும்புப் பக்கெட், தலைக்கு மேல் மறைப்பு இல்லை. ஏணி எட்டாது. எங்களிடம் எந்த வழியும் இல்லை. கீழே அவர் மனைவி வந்து நின்றார். அழவில்லை, கத்தவில்லை. "சார், எப்போ இறக்குவீங்க?" என்று கேட்டார். கால் மணிக்கு ஒரு தரம் அதையே கேட்டார். நான் பட்டதாரி என்ஜினியர். பதில் இல்லாமல் நின்றேன். என் மேலதிகாரி, "போர்டு வச்சிருக்கோம், நம்ம மேலே தப்பு இல்லே" என்றார்.

கரண்ட் வந்தது. பக்கெட் இறங்கியது. அந்த மனிதரைக் கைத்தாங்கலாக இறக்கினோம். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சார், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு நான் தூங்கவில்லை. டீசல் என்ஜின் கேட்டு எழுதினேன், மறுத்தார்கள். வரைபடத்தில் நானே அடித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு மறுபடி எழுதினேன். அடுத்த ஆண்டு வந்தது.

ஆகவே என் மனைவி கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "நின்னா முதல்லே வேற என்ஜினைப் போட்டு மெதுவாச் சுத்தி எல்லாரையும் நிலையத்துக்குக் கொண்டு வருவாங்க. அதுவும் முடியலேன்னாதான் ஏணி, கயிறு. பெட்டிக்குள்ளே அவசரத்துக்கு ஒரு பை வச்சிருக்காங்க" என்றேன். "அப்போ சரி" என்று சட்டையை விட்டாள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நண்பர்களே, ஸ்கைலைனரில் தாராளமாக ஏறுங்கள், நானும் மறுபடி ஏறுவேன். ஏறும் முன் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். கையில் தண்ணீரும் வேளை மாத்திரையும் இருக்கட்டும். கோடையில் பிற்பகல் பயணத்தை அதை மட்டுமே நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர் வெட்கப்படாமல் வேறு வண்டியில் போகலாம். நம் பழனி ரோப் காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு நிறுத்தும்போது முணுமுணுக்கிறோமே, இனி முணுமுணுக்காதீர்கள். நாள் குறித்து நிறுத்துவது நல்லது, தானாக நிற்பதுதான் ஆபத்து.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. நாளை நீங்கள் ரோப்வேயோ, லிஃப்டோ, கம்ப்யூட்டர் புரோகிராமோ, எதைச் செய்தாலும் அது ஓடுவதை எல்லோருக்கும் காட்டுவீர்கள். நின்றால் உள்ளே இருக்கும் மனிதர் எப்படி இறங்குவார் என்பதையும் அதே தாளில் வரையுங்கள். செலவைக் குறைக்கச் சொல்பவர் முதலில் கைவைப்பது அங்கேதான். அப்போது "இல்லே சார், இது இருக்கணும்" என்று சொல்லுங்கள். எனக்கு இருபத்தைந்து வயதில் அது வாயில் வரவில்லை.

நம் ஆசிரியர் இன்று இல்லை. மெஷின் ஷாப் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன். அவர் வைவா கேட்ட மேசை அதே மூலையில்தான் கிடக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு என் வகுப்புத் தோழர்கள் அங்கே வாருங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்வோம்.

இருபது நிமிஷம் முடிந்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மைக்குக்குக் கரண்ட் போவதற்குள் நானே நிறுத்திக்கொள்கிறேன்.